சால்வை ஆறு, சர்ட்டிபிகேட் அறுபது

போன மாசம் ஒரு கல்லூரியில் என்.எஸ்.எஸ். மாணவர்களுக்குப் பாராட்டு விழா. சிறப்பு விருந்தினர் அடியேன். (வேறு ஆள் சிக்கவில்லை போலும்!)

1969-ல் ஆரம்பித்த திட்டம். 'எனக்கல்ல, உனக்கு' என்பது கொள்கை. ஆனால், சால்வை மட்டும் மேடையிலிருந்த எங்கள் ஆறு பேருக்கு! எங்கள் பேச்சு ஒண்ணரை மணி நேரம். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் உழைத்த பையன்களுக்கு ஆளுக்கு அரை நிமிஷம்.

ஒருத்தன் சர்ட்டிபிகேட்டில் பெயரே தப்பு. "ஸாரி தம்பி" என்றேன்.

"பரவால்ல சார். ஏழு நாள் கேம்ப்ல நாங்க தூர் வாரின குளத்துல இப்பத் தண்ணி நிக்குது. பார்த்தீங்களா?"

நான் எங்கே பார்த்தேன்!

"வண்டி இருக்கா தம்பி?" என்று இறங்கினேன். டிபனோடு காத்திருந்த பிரின்சிபால் முறைத்தார்.