ஆட்டுப்பால் சோப் செய்யப் போறீங்களா? முதல்ல பால் ஃப்ரீசருக்குப் போகட்டும்!

வீட்டில் ஆட்டுப்பால் சோப் செய்து பார்த்தவர்களில் பலருக்கும் முதல்முறை இந்த ஏமாற்றம் நடந்திருக்கும். வெள்ளை வெளேர் என்றிருக்கும் பாலில் காஸ்டிக் சோடாவைப் போட்டதும் அது மஞ்சளாகும். கிளறக் கிளற ஆரஞ்சாகும். சில நிமிடங்களில் கருப்பட்டிக் காபி நிறத்துக்கு வந்துவிடும். கூடவே மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை. பால் கெட்டுப்போயிருந்ததோ என்று சந்தேகம் வரும். ஆனால், குற்றவாளி பால் அல்ல, சூடு.

காஸ்டிக் சோடா கரையும்போது தானாகவே வெப்பத்தை வெளியிடும். அடுப்பே இல்லாமல் கரைசல் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். பாலில் இயற்கையாகவே இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை, காரமும் சூடும் சேர்ந்தால் கருகிப் பழுப்பாகும். அதே பாலை உறையவைத்துப் பயன்படுத்தினால், கிளம்புகிற வெப்பத்தில் பெரும்பகுதி ஐஸை உருக்குவதிலேயே செலவாகிவிடும். கரைசல் பெரும்பாலும் வெதுவெதுப்போடு நின்றுவிடும். சோப்பும் வெள்ளையாகவோ, வெளிர் சந்தன நிறத்திலோ வரும்.

நான்கைந்து ஆடுகள் மட்டும் வளர்ப்பவர்களுக்கு ஃப்ரீசரால் இன்னொரு வசதியும் உண்டு. குட்டி குடித்தது போக ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் கிடைத்தாலே பெரிது. அதைத் தினமும் உறையவைத்துச் சேர்த்தால், ஒரு வாரத்தில் ஒரு தடவை சோப் செய்யும் அளவு வந்துவிடும். ஆடு இல்லாதவர்கள் பசும்பாலிலோ, பாக்கெட் பாலிலோ செய்யலாம். முறை ஒன்றுதான்.

பாலைக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டு ஐஸ் ட்ரேயில் ஊற்றவும். உறையும்போது பால் விரியும் என்பதால் விளிம்பு வரை ஊற்றக் கூடாது. கண்ணாடி பாட்டிலில் உறையவைத்தால் விரிசல் விடும். கட்டியானதும் ட்ரேயிலிருந்து எடுத்து ஜிப் லாக் பையில் போட வேண்டும். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கட்டிகளை எண்ணிப் போடாமல், எடை பார்த்துப் போட வேண்டும். ஒரு தடவைக்கு 200 கிராம் பால் தேவை என்றால், ஒரு பையில் சரியாக 200 கிராம். பையின் மேல் தேதி, எடை, எந்தப் பால் என்று எழுதிவிட்டால், சோப் செய்யும் நாளில் குழப்பம் இருக்காது.

மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் ஃப்ரீசர் என்றால் மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிடலாம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் குட்டி ஃப்ரீசரில் அவ்வளவு குளிர் நிற்காது. அங்கே ஒரு மாதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நீண்ட மின்வெட்டில் கட்டிகள் முழுக்க உருகி, புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். பசும்பால் கட்டி லேசாக மஞ்சளாகத் தெரிந்தாலோ, உருகும்போது கொழுப்பு திரிதிரியாகப் பிரிந்தாலோ பயப்பட வேண்டாம். உறைந்த பாலுக்கு அது இயல்புதான்.

சோப் செய்யும் நாளில் கட்டிகளை எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, பாதி உருகிக் கூழ் பதத்துக்கு வரும்வரை காத்திருக்கவும். அந்தப் பாத்திரத்தை ஐஸ் தண்ணீர் நிரம்பிய பெரிய தட்டில் வைத்து, காஸ்டிக் சோடாவை ஒவ்வொரு ஸ்பூனாகத் தூவிக் கிளறவும். ஒரு ஸ்பூன் கரைந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் கரையாத துகள் அடியில் தங்கி, பிறகு சோப்போடு தோலுக்கு வந்துசேரும். எண்ணெயில் சேர்க்கும் முன் எவர்சில்வர் வடிகட்டியில் வடிகட்டிவிடுவது பாதுகாப்பு.

எப்போதும் பாலில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் பாலை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். அளவும் கண்மதிப்பில் ஆகாது. 100 கிராம் தேங்காய் எண்ணெய் முழுதாகச் சோப்பாக மாற சுமார் 18.3 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே 100 கிராம் விளக்கெண்ணெய்க்கு சுமார் 12.8 கிராம் போதும். சோப்பில் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சி இருக்க, கணக்கில் வருவதைவிட 5 சதவிகிதமாவது குறைத்துப் போடுவது வழக்கம். அதனால் டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

எல்லாவற்றையும்விட பெரிய ஆபத்து ஒன்று உண்டு. காஸ்டிக் சோடா கலந்த பால், பார்ப்பதற்குப் பால் மாதிரியேதான் இருக்கும். குழந்தையோ, தாகத்தில் வந்த பெரியவரோ ஒரு மடக்கு குடித்தாலும் உணவுக்குழாய் வெந்துவிடும். கலந்த பாத்திரத்தை ஒரு நிமிடம்கூட விட்டு நகரக் கூடாது. கலந்ததை ஃப்ரிட்ஜில் எடுத்துவைப்பது வேண்டவே வேண்டாம். ஃப்ரீசருக்குப் போவது வெறும் பால் மட்டுமே. மீறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தோலிலோ, கண்ணிலோ பட்டால் குறைந்தது 15 நிமிடங்கள் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு ரிஸ்க் எதற்கு என்று, கடையில் விற்கும் சோப் பேஸை உருக்கி அதில் பச்சைப்பாலை ஊற்றுகிறார்கள் சிலர். வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால், அந்தப் பால் எந்த மாற்றமும் இல்லாமல் சோப்புக்குள் அப்படியே இருப்பதால், சீக்கிரமே கெட்டு நாற்றமடிக்கும். சோப் பேஸ்தான் வசதி என்றால், ஆட்டுப்பால் சேர்த்தே தயாரான பேஸை வாங்கிக்கொள்ளலாம்.

அச்சில் ஊற்றிய சோப்பைப் போர்வை போட்டு மூடாமல், குளிர்ந்த இடத்தில் ஓர் இரவு வைக்கவும். மூடினால் உள்ளே மறுபடி சூடேறி, பாதுகாத்த வெள்ளை நிறம் போய்விடும். ஓரிரு நாளில் துண்டு போட்டு, காற்றோட்டமான நிழலில் நான்கு முதல் ஆறு வாரம் காயவைக்க வேண்டும். லேசான அம்மோனியா வாடை இருந்தாலும் அதற்குள் போய்விடும். பக்கத்து வீட்டுக்கு இரண்டு கொடுப்பதோடு நிறுத்தாமல் விற்கவும் எண்ணம் இருந்தால், அழகுசாதனப் பொருள் தயாரிப்புக்கான உரிமம் வாங்க வேண்டும். சொரியாசிஸ், எக்ஸிமா குணமாகும் என்றெல்லாம் லேபிளில் எழுதக் கூடாது.