கிருமிக்குப் பயந்து ஏறிய மலை

கொடைக்கானல் ஊரானதே நோய்க்குப் பயந்துதான். மதுரையில் அடுத்தடுத்து ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இங்கே இரண்டு பங்களாக்கள் கட்டிக் குடியேறினார்கள். கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று படித்தவர்களும் நம்பிய காலம் அது. பாலைப் புளிக்கவைப்பது உயிருள்ள ஒன்று என்று விஞ்ஞானி பாஸ்டர் எழுதியது 1857-இல். பிறகு நோய்க்கும் கிருமியே காரணம் என்று தெரிந்ததும், கிருமி என்றாலே பகை என்றாயிற்று. தயிரில் உள்ள கிருமி குடலைக் காக்கும், ஆயுளையும் கூட்டும் என்று விஞ்ஞானி மெச்னிகோவ் 1907-இல் எழுதினார். ஆயுள் விஷயத்தில் அவர் சொன்னது மிகை. குடல் விஷயத்தில் அவ்வளவு தப்பில்லை.

மலைக்காரர்களுக்குத் தயிர் சுலபமாகக் கிடைத்துவிடுவதில்லை. உறைக்கு வேண்டிய கிருமி வெதுவெதுப்பில்தான் பெருகும். மார்கழிக் குளிரில் விரல் பொறுக்கும் சூட்டில் பாலுக்கு உறை ஊற்றி, பாத்திரத்தைத் துணியால் சுற்றி அடுப்போரம் வைத்தால்தான் விடிவதற்குள் தோயும். அந்தத் தயிரையே மோர்க்குழம்பாகக் கொதிக்கவிட்டால் ருசி இருக்கும், உயிர் இருக்காது.

உயிரோடு குடலுக்குள் போன கிருமிகளுக்கும் இரை வேண்டுமே. கொடைக்கானல் மலையின் பூம்பாறை, மன்னவனூர் படிக்கட்டு வயல்களில் விளையும் மலைப்பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுப் புகை காட்டுகிறார்கள், மாதக்கணக்கில் கெடாது. பூண்டில் இருக்கும் ஃபிரக்டான் நமக்குச் செரிக்காது. அது பெருங்குடல்வரை போய் அங்குள்ள நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. இப்படிப்பட்ட தீனிக்கு ப்ரீபயாட்டிக் என்று பெயர் வைத்ததே 1995-இல்தான்.

மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் அதே ஆண்டுதான். ஆனால் பஞ்சாமிர்தத்தைப் புரோபயாட்டிக், அதாவது உயிருள்ள நல்ல கிருமி கொண்ட உணவு, என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சர்க்கரையும் தேனும் ஈரத்தைக் கட்டிப்போட்டு நுண்ணுயிர் பெருகவிடாமல் செய்வதால்தான் அது கெடாமல் இருக்கிறது. பிரசாதம் சாப்பிட்ட கையோடு வாய் கொப்பளிப்பது பல்லுக்கு நல்லது.

வாய்க்கென்று புரோபயாட்டிக் மாத்திரைகளும் இப்போது விற்கிறார்கள். இங்கேதான் விளம்பரம் அறிவியலை முந்துகிறது. சில வகைப் பாக்டீரியாவைச் சாப்பிட்டவர்களின் எச்சிலில், சொத்தைக்கு வித்திடும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் குறைந்ததாகச் சில ஆய்வுகள் காட்டின. சாப்பிடுவதை நிறுத்தினால் பலனும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இன்னொன்று: தயிர்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த சில லாக்டோபாசிலஸ்களே ஏற்கெனவே விழுந்த சொத்தையில் குடியேறி அமிலம் சுரந்து அதை ஆழமாக்குகின்றன. குடலில் நண்பனாக இருப்பது பல்லிலும் அப்படியே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. பல் துலக்குவதற்கு மாற்று எந்தப் புட்டியிலும் இல்லை.

குடலுக்கு வேண்டியதையும் புட்டியில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை, மோரிலும் கிடைக்கும். பள்ளிச் சத்துணவில் முட்டைக்கு இடம் கிடைத்து வெகுகாலம் ஆயிற்று. சர்க்கரை போடாத, கொதிக்கவிடாத மோர் ஒரு தம்ளர் அதோடு சேரட்டும். அரசு முதலில் மலைக் கிராமப் பள்ளிகளில் தொடங்கிப் பார்க்கலாம்.