குளத்தை மூடச் சொல்லி என்கிட்ட கையெழுத்து கேட்கிறவங்களுக்கு

சென்னையில் நான் இருக்கிற பகுதியில ஒரு பூங்கா. அதுக்குள்ள பழைய மழைநீர்க் குளம் ஒண்ணு தூர்ந்துபோய்க் கிடக்கு. அதைத் தூர்வாரப் போறாங்கன்னு தெரிஞ்சதும் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவுல ஒரு மனு சுத்துது. "டெங்கு வரும். மண்ணடிச்சு மூடி ஷட்டில் கோர்ட் போடுங்க." கீழேயே, "டாக்டர், நீங்க முதல்ல கையெழுத்துப் போட்டா வெயிட்டா இருக்கும்."

போட மாட்டேன். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நான் அரசு மருத்துவமனை எம்.பி.பி.எஸ் டாக்டர். ஐப்பசி, கார்த்திகை முழுக்க காய்ச்சல் வார்டுலதான். டெங்கு நோயாளிகிட்ட வீட்டுப் பக்கத்துல குளம் இருக்கான்னு நான் கேட்கிறதில்ல. மொட்டை மாடியில என்ன கிடக்குன்னுதான் கேட்பேன். உடைஞ்ச வாளி, டயர், மணி பிளான்ட் பாட்டில், ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி தட்டு, மூடாத சம்ப். ஏடிஸ் கொசுவுக்குப் பிடிச்ச இடம் இதெல்லாம்தான். முட்டையைப் பாத்திரத்தோட உள்சுவர்ல ஒட்டி வைக்கும். காய்ஞ்சாலும் மாசக்கணக்கா உயிரோட இருக்கும். அதனால தண்ணியைக் கொட்டினா மட்டும் போதாது, உள்பக்கம் தேய்ச்சுக் கழுவணும்.

சென்னை மலேரியாவைப் பரப்புற அனோஃபிலிஸ் ஸ்டீஃபன்சியும் மேல்நிலைத் தொட்டியிலயும் கிணத்துலயும்தான் வளருது. மீனும் தவளையும் தும்பிக் குஞ்சும் இருக்கிற குளத்துல கொசுப்புழு அதுங்களுக்குச் சாப்பாடு.

"அப்ப சாயங்காலம் மொய்க்கிற கொசு?" நியாயமான கேள்வி. அது கியூலெக்ஸ், சாக்கடைத் தண்ணிக் கொசு. நம்ம குளத்துக்கு வர்ற மழைநீர் வடிகால்ல யாரோ கழிவுநீர்க் குழாயை இணைச்சு வச்சிருக்காங்க. யாரோன்னு மரியாதைக்குச் சொல்றேன், மனுவுல கையெழுத்துப் போட்டவங்க வீடும் அதுல இருக்கலாம். கழிவுநீர் சேர்ந்தா மீன் சாகும், கியூலெக்ஸ் பெருகும். இணைப்பைத் துண்டிக்காம குளத்தை மூடினா அந்தச் சாக்கடை வடிகாலுக்குள்ளேயே தேங்கும். கொசு அங்கேயும் வளரும்.

இப்ப கணக்குக்கு வருவோம். 1 ஏக்கர் குளம், 2 மீட்டர் ஆழம் காலியா இருந்தா சுமார் 80 லட்சம் லிட்டர் பிடிக்கும். கரைச் சரிவுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கோங்க. 12,000 லிட்டர் டேங்கர்ல அள்ளினா 670 லாரி. 20 ஏக்கர்ல 10 செ.மீ மழை பெய்தா விழுற தண்ணியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். குளத்தை மூடிட்டா அது எங்க போகும்? உங்க அபார்ட்மென்ட் மேட்டுல இருக்கு. கீழ்த்தெருவுக்குத்தான் போகும்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் அப்படி ஒரு கீழ்த்தெருவுல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. நாலு வீட்டுல சமையல் வேலை. லீவு எடுத்தா சம்பளம் பிடிப்பாங்கன்னு முழங்கால் தண்ணியில நடந்து வேலைக்குப் போயிருக்காங்க. காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால்ல கை வைக்க முடியாத வலி. எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணி, கால்ல சின்னக் கீறல், அது போதும். சிறுநீரகம் வரைக்கும் போயிடுச்சு, நல்லவேளையா பிழைச்சுட்டாங்க. குளத்தை மூடணும்னு அவங்க மனு போடல.

அதிகாரிகளுக்கும் ஒண்ணு சொல்லணும். தயவுசெஞ்சு 'அழகுபடுத்தல்' வேண்டாம். நாலு பக்கமும் செங்குத்தா சிமென்ட் சுவர், சுத்தி பேவர் பிளாக், செல்ஃபிக்கு ஊர்ப் பேர், படகு விட வருஷம் பூரா ததும்புற தண்ணி. மழைக்கு முன்னாடியே நிறைஞ்சு நிக்கிற குளத்துல மழைக்கு ஏது இடம்? செங்குத்துச் சுவர்ல விழுந்த குழந்தையால ஏறி வர முடியாது. அந்தக் குழந்தையைத் தூக்கிட்டு எங்ககிட்டதான் ஓடி வருவீங்க. சரிவான மண் கரை, ஓரத்துல கோரை, ஆழத்துக்கு முன்னாடி வேலி, தண்ணி நுழையுற இடத்துல வண்டல் தொட்டி, அதை வருஷாவருஷம் மழைக்கு முன்னாடி அள்ள ஆள். இதுக்குத் திறப்பு விழா நடத்த முடியாதுதான்.

நடக்காத காரியம்னு சொல்லாதீங்க. அடையாறு தொல்காப்பியப் பூங்கா 58 ஏக்கர். கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த இடம். எல்லாத்தையும் அள்ளி, தண்ணிக்கு இடம் விட்டு, இந்த மண்ணுக்கான மரம் செடி நட்டு 2011ல திறந்தாங்க. அது கழிமுகம், பெரிய வேலை. நம்மகிட்ட இருக்கிறது ஒரு குட்டை.

அதனால இந்த மனு என் பேர் இல்லாமலே போகட்டும். வடிகால்ல இருக்கிற கழிவுநீர் இணைப்பையெல்லாம் துண்டிக்கச் சொல்லி வேற மனு எழுதுங்க, முதல் கையெழுத்து என்னுது. எழுதுறதுக்கு முன்னாடி மாடிக்குப் போய் அந்த உடைஞ்ச வாளியைக் கவுத்துட்டு வாங்க.