மிச்சம் பிடித்த மாத்திரைகள்

வயிற்றில் குடியிருப்பவர்களில் ரொம்ப அழுத்தமான ஆசாமி ஒருவர் உண்டு. பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. நாம் தின்கிற வடை, பஜ்ஜியெல்லாம் கரைகிற அமிலத்தில் இவர் மட்டும் கரையமாட்டார். யூரியாவை உடைத்து அம்மோனியா தயாரித்து, அதையே குடையாகப் பிடித்துக்கொண்டு இரைப்பையின் சளிப்படலத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். வாடகை கிடையாது, காலி செய்கிற உத்தேசமும் கிடையாது.

அல்சருக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து டாக்டர் பாரி மார்ஷல் 1984-ல் இந்தக் கிருமியைக் கரைத்து மடக்கென்று குடித்தார். சில நாளில் வாந்தி, இரைப்பை அழற்சி. 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு. (மனைவியிடம் விவரமாகச் சொல்லிவிட்டுக் குடிக்கவில்லை என்று அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். நாமெல்லாம் அரை பாக்கெட் சிப்ஸுக்கே சொல்வதில்லை!)

கிருமி யாரென்று தெரிந்துவிட்டது, மருந்தைக் கொடுத்தால் தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? என் மாமாவைக் கேளுங்கள்.

டாக்டர் அவருக்குப் பதினாலு நாளைக்கு எழுதினார். இரண்டு வித ஆன்டிபயாடிக், கூடவே அமிலத்தை அடக்க ஒன்று. எட்டாம் நாள் போனபோது மாமா டிபனுக்கு அடை தின்றுகொண்டிருந்தார்.

"மாத்திரை போட்டாச்சா மாமா?"

"வலி போயிடுச்சுப்பா. வாயெல்லாம் ஒரே கசப்பு, காசை நக்கின மாதிரி. மிச்சத்தை டப்பாவுல வெச்சிருக்கேன். திரும்ப வந்தா போட்டுக்கலாம்ல?"

"மாத்திரையிலயும் மிச்சம் பிடிக்கிறார் பார்" என்றாள் மாமி.

நாலு மாசம் கழித்து ஒரு காலை, மாமாவுக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போனது. தலை சுற்றி பாத்ரூம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அல்சரிலிருந்து ரத்தம். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மாமி ஆஸ்பத்திரி வராந்தாவில் யாருடனும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

டாக்டர் திட்டவில்லை, கேள்விதான் கேட்டார். சிகரெட் உண்டா? உண்டு, ரெண்டே ரெண்டு. (புகைப்பவர்களுக்கு இந்த வைத்தியம் பலிப்பது குறைவாம்.) இருமலுக்கு என்ன சாப்பிடுவீங்க? வருஷா வருஷம் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மூணு நாள் ஆன்டிபயாடிக். பேதிக்கு? மெட்ரோனிடசோல், அதுவும் சொந்த வைத்தியம். விஷயம் அங்கேதான் இருந்தது. இருமலுக்குச் சாப்பிட்ட அஸித்ரோமைசினும் அல்சருக்கு எழுதுகிற கிளாரித்ரோமைசினும் ஒரே குடும்பம். பல வருஷம் தவணை முறையில் பழக்கிவிட்ட கிருமிக்கு அந்த மருந்தைக் கண்டால் பயம் எப்படி வரும்? போதாக்குறைக்கு எட்டு நாளோடு நிறுத்தியதில் சாகாமல் பிழைத்தவை எல்லாம் கெட்டிக்காரக் கிருமிகள்.

திரும்ப வருவதிலும் இரண்டு வகை உண்டாம். கொல்லாமல் விட்ட பழைய கிருமியே மறுபடி தலைதூக்குவது ஒன்று; புதிதாக இன்னொன்று தொற்றுவது மற்றொன்று. ஒரு வருஷத்துக்குள் வந்தால் பெரும்பாலும் பழைய ஆளேதான். இதை வெறும் வயிற்றெரிச்சல் என்று விடமுடியாது. இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாகிற பட்டியலில் 1994-லேயே இதைச் சேர்த்துவிட்டார்கள்.

"அந்த டப்பா மாத்திரை இருக்கே டாக்டர்?" என்றார் மாமா, ஈனஸ்வரத்தில்.

தோற்றுப்போன கிளாரித்ரோமைசினை மறுபடி கொடுப்பதில்லையாம். இந்தத் தடவை பிஸ்மத் சேர்த்து நாலு மருந்து. பிஸ்மத்தால் நாக்கும் மலமும் கறுப்பாகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் தார் மாதிரி பிசுபிசுவென்று நாற்றத்துடன் போய், தலையும் சுற்றினால் ஓடி வரவேண்டும் என்றார். முடிந்து நாலு வாரம் கழித்து ஊதிப் பார்க்கிற பரிசோதனை. அதற்கு முந்தின இரண்டு வாரம் அமில மாத்திரையும் கூடாது, போட்டால் கிருமி பதுங்கிக்கொண்டு 'இல்லை' என்று பொய் சொல்லும். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பதும் பயனில்லை. கிருமி போன பிறகும் அது பல மாசம் இருக்குமாம்.

இப்போது மாத்திரை டப்பா மாமியின் புடவைத் தலைப்பில். வேளாவேளைக்கு எண்ணிக் கொடுக்கிறாள். விழுங்கியதும் "ஆ காட்டுங்க" என்கிறாள். மாமா கறுத்த நாக்கை நீட்டிக் காட்டுகிறார்.