கார் கண்ணாடிக்கு கறுப்பு ஃபிலிம்: டாக்டர் சர்டிபிகேட் தரலாமா?

ஓபியில் ஒரு அக்கா. வெயில் பட்டாலே கையெல்லாம் தடிச்சு அரிக்கும். தினமும் கார் ஓட்டி வேலைக்குப் போறவங்க. "சார், கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கிறேன். போலீஸ் பிடிச்சா காட்ட ஒரு சர்டிபிகேட் கொடுங்க"ன்னு கேட்டாங்க.

நான் கொடுக்கலை. ஏன்னு உங்களுக்கும் சொல்றேன் மக்களே.

முதல்ல சட்டம். மோட்டார் வாகன விதி 100 படி முன், பின் கண்ணாடி வழியா குறைந்தது 70% வெளிச்சம் போகணும். பக்கக் கண்ணாடி வழியா 50%. 2012ல் உச்ச நீதிமன்றம், லேசான ஃபிலிம்கூட ஒட்டக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. பிறகு விதி திருத்தப்பட்டது. அதை வெச்சு 2024ல் கேரள உயர் நீதிமன்றம், இந்த அளவுக்குள்ள இருந்தா ஃபிலிம் ஒட்டலாம்னு தீர்ப்பு கொடுத்தது. ஆனா டாக்டர் சீட்டு காட்டினா விலக்குன்னு அந்த விதியில் எதுவும் இல்லை.

இப்போ மருத்துவம். அவங்க தோலைப் பாதிக்கிறது முக்கியமா புற ஊதாக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாத கதிர். கண்ணாடி கறுப்பா இருக்கிறதாலயே அது நின்னுடாது. நிறமே இல்லாத தெளிவான யூவி ஃபிலிம்கூட அதைத் தடுக்கும்.

முன் கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் வெச்சு ஒட்டினது. யூவி-ஏவை கிட்டத்தட்ட முழுசா தடுத்துடும். பல கார்கள்ல பக்கக் கண்ணாடி அப்படி இல்லை. நம்ம ஊர்ல ஸ்டியரிங் வலது பக்கம். அதனால வலது கன்னமும் வலது கையும்தான் அதிகமா வாங்கும்.

கறுப்பு ஃபிலிமோட விலை ராத்திரியில்தான் தெரியும். கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு இருட்டுல ஓட்டுற மாதிரி. கண்புரை ஆரம்பிச்சவங்களுக்கு இன்னும் மோசம். "சார், ஆள் வந்ததே தெரியலை"ன்னு நைட் டியூட்டியில் கைநடுங்க நின்ன டிரைவர்களைப் பார்த்திருக்கேன். ஸ்ட்ரெச்சர்ல கிடந்தவருக்கு அந்த விளக்கம் எதுக்கு உதவும்?

கடையில் "50 பர்சென்ட் ஃபிலிம், லீகல்தான்"னு சொன்னா நம்பாதீங்க. கண்ணாடியே 75% தான் விடுதுன்னா, ரெண்டும் சேர்ந்து 37% தான். கணக்கு ஃபிலிமுக்கு மட்டும் இல்லை, மொத்தத்துக்கும். எந்த ஃபிலிமா இருந்தாலும் ஒட்டுறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

அந்த அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்தது சன்ஸ்கிரீன், முழுக்கை சட்டை. அடுத்த கார் வாங்கும்போது யூவி தடுக்கிற பக்கக் கண்ணாடி இருக்கான்னு கேட்கச் சொன்னேன்.

உங்க தோலைக் காப்பாத்த வழி நிறைய இருக்கு. ரோட்டைக் கடக்கிறவருக்கு, நீங்க அவரைப் பார்க்கிறது ஒண்ணுதான் வழி.