வாய் மறைத்தாலும் ரத்தம் சொல்லும்

“எப்பவாவது கொஞ்சம்தான், டாக்டர்!” குடியைப் பற்றிக் கேட்டால் ஈப்போ கிளினிக்குகளில் நம்மவர்கள் சொல்லும் வழக்கமான பதில் இது.

நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். சம்பள நாளில் கள்ளுக்கடை நிரம்பி வழியும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுவதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. இன்று பல தோட்டங்கள் செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. சம்சு போத்தல் மட்டும் நம்மோடு பட்டணத்துக்கு வந்துவிட்டது.

வாய் ‘கொஞ்சம்’ என்றாலும் ரத்தம் தனிக் கணக்கு வைத்திருக்கிறது.

ஜிஜிடி என்பது கல்லீரல் நொதி. தொடர்ந்து அதிகம் குடித்தால் ஏறும்; விட்டால் சில வாரங்களில் இறங்கும். ஆனால் கொழுப்புக் கல்லீரலாலும் சில வலிப்பு மருந்துகளாலும்கூட ஏறும்.

எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. நீண்டகாலக் குடியால் அது பெரிதாகும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், குடியை விட்ட பிறகும் இந்த எண் சீராகச் சில மாதங்கள் பிடிக்கும். பி12, ஃபோலேட் குறைவாலும் இது கூடலாம்.

சிடிடி இன்னும் குறிப்பானது. தினமும் 50, 60 கிராம் ஆல்கஹால் இரண்டு வாரம் உள்ளே போனால் பலருக்கு இது உயரும். 40 விழுக்காடு சம்சு 100 மில்லியில் சுமார் 32 கிராம் ஆல்கஹால் உண்டு. ஆக, நாளுக்கு அதைப்போல் இரண்டு மடங்கே போதும்!

‘பெத்’ என்ற பரிசோதனை மேலும் துல்லியமானது. ஆல்கஹால் இருந்தால்தான் அந்தப் பொருள் ரத்தத்தில் உருவாகும். இரண்டு முதல் நான்கு வாரம் வரை தடயம் நிற்கும்.

எந்த ஓர் எண்ணும் தீர்ப்பல்ல. எல்லாம் சரியாக இருந்தாலும் குடி பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. மருத்துவர் விசாரித்து, உடலைப் பார்த்து, எண்களைச் சேர்த்தே முடிவு செய்வார். எனவே ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் சண்டை போடாதீர்கள்.

இன்னொன்று முக்கியம். போத்தலை உடைத்து, ஆளை அறையில் பூட்டி ‘திருத்தும்’ குடும்பங்கள் உண்டு. தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம்; உயிரே போகலாம். மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

அதனால்தான் மருத்துவரிடம் உண்மை அளவைச் சொல்லச் சொல்கிறேன். அப்பாவோ அண்ணனோ சொல்லக் கூச்சப்பட்டால், கூடப் போகிறவர் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது.