தந்தி தொளதொளத்தால் பேஸ் கேக்காது

பாடுறவருக்குச் சுருதி எட்டவில்லையெண்டால் கிற்றாரை இறக்குவது வழமை. லிங்கநகரில் நாங்களும் அதைத்தான் செய்தோம். பேஸில் மட்டும் பழைய 45–105 தந்திகளையே விட்டிட்டோம். 'ஈ' தந்தியை 'டீ'க்கு இறக்கினால் இழுவிசை ஐந்திலொரு பங்கு குறையும், 'சீ'க்கு இறக்கினால் மூன்றிலொன்றுக்கும் மேல். தந்தி ஃபிரெட்டில் அடிபட்டுக் கரகரக்கும். அம்ப்பைக் கூட்டி என்ன பிரயோசனம்?

பிளாக் சபாத் 1971இல் மூன்று அரைச்சுரம் இறக்கி வாசித்ததைச் சொல்லி வாதாடுறாங்கள். டோனி அயோமிக்கு விபத்தில் இரண்டு விரல் நுனிகள் போனதால் தளர்ந்த தந்தி தேவைப்பட்டது. எங்களுக்கு என்ன வந்தது?

'டீ'க்கு 115 காணும். 'சீ'க்கு ஐந்து தந்தி செட் வாங்கி, மெல்லியதை விட்டிட்டு 130இல் இருந்து பூட்டுங்கோ. காசு கூடத்தான். நட்டின் பள்ளத்தையும் அராவ வேணும். அராவினதைத் திரும்ப நிரப்புறது கரைச்சல். அதனால் எந்தச் சுருதி எண்டு பாடுறவரோடு முதலில் கதைச்சு முடியுங்கோ.